அதே பாடத்துக்கு இன்னொரு பகுதிநேர விரிவுரையாளர்: வழக்கு நிற்குமா?

கேள்வி: நகரமைப்பில் முதுகலை முடித்தவள் நான். ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே, எட்டு ஆண்டுகளாக ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மணிநேர ஊதியத்துக்கு நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் பாடமும் ஸ்டூடியோ என்னும் செய்முறை வகுப்பும் எடுக்கிறேன். பாடத்திட்டமே நான் எழுதிக் கொடுத்ததுதான். புதிய துறைத்தலைவர் மாணவர்கள் முன்னால் என்னை அவமதித்தார், மாணவர் வேலைகளை மதிப்பிடும் ஜூரிக்கும் கூப்பிடவில்லை. இப்போது அதே பாடத்துக்குப் பகுதிநேர விரிவுரையாளர் தேவை என்று அறிவிக்கை போட்டு, என்னையும் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பணி நிரந்தரம், சம ஊதியம், மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டு ரிட் போடலாமா?

பதில்: துறைத்தலைவர் நடந்துகொண்ட விதம் தவறுதான். ஆனால் ஜூரிக்கு அழைக்காததும் பாடத்திட்டத்துக்கு நன்றி சொல்லாததும் ரிட் மனுவில் ஒரு பத்திக்கு மேல் தாங்காது. இழப்பீட்டை விட்டுவிடுங்கள்.

பணி நிரந்தரத்தையும் விட்டுவிடுங்கள். 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்த தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று கோடு போட்டது. அந்தக் கோட்டை, அனுமதிக்கப்பட்ட பணியிடமே இல்லாமல் மணிக்கணக்கில் வகுப்பு எடுத்த ஒருவர் தாண்டுவது மிகக் கடினம். சம ஊதியத்துக்கு எல்லோரும் குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரி ஒப்பந்த ஆசிரியர்கள் பற்றிய 2025 தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அவர்கள் நிரந்தர ஆசிரியர் செய்யும் வேலை முழுவதையும் செய்தவர்கள். நீங்களோ பகலில் வேறு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேலை இருப்பது ஒரே இடத்தில்: அதே பாடம், அதே பகுதிநேர முறை, ஆள் மட்டும் வேறு. ஒரு தற்காலிக ஆசிரியரை நீக்கிவிட்டு இன்னொரு தற்காலிக ஆசிரியரை வைக்கக் கூடாது, முறையாகத் தேர்வான நிரந்தர ஆசிரியர் வந்தால்தான் இவர் விலக வேண்டும் என்பது பழைய கொள்கை. 2022-ல் மனிஷ் குப்தா வழக்கில் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் அதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அந்த மனுதாரர்கள் அறிவிக்கை வந்து, தேர்வு நடந்து உள்ளே போனவர்கள். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று எழுதவே இல்லை. துறைத்தலைவர் போனில் கூப்பிட்டு, மறுநாளே வகுப்புக்குப் போயிருந்தால் வழக்கு அங்கேயே தள்ளாடும். நேர்காணல் நடந்து பதிவாளர் கையெழுத்தோடு உத்தரவு வந்திருந்தால் அந்த ஒரு தாள்தான் உங்கள் வழக்கு. முதலில் அதைத் தேடுங்கள்.

இனி, என் கட்சிக்காரர்கள் விழுந்து பார்த்த இரண்டு குழிகள்.

ஒன்று, புதிய அறிவிக்கைக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் உட்கார்ந்து, தேர்வாகாத பிறகு கோர்ட்டுக்கு ஓடி வருவது. தேர்வில் பங்கெடுத்துவிட்டு, முடிவு பிடிக்காததால் அந்தத் தேர்வையே பொதுவாகத் தாக்க முடியாது. எவ்வளவு அநியாயமாக நடந்திருந்தாலும் இந்த முதல் கேள்வியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். எனவே எதிர்ப்பதா, விண்ணப்பிப்பதா என்று நேர்காணலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வேறொருவர் பணியில் சேர்ந்துவிட்டால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அப்புறம் இடைக்கால உத்தரவு கிடைப்பது அரிது.

இரண்டாவதுதான் பெரியது, உங்கள் துறைக்காரர்கள் அடிக்கடி மாட்டுவதும் இதில்தான். மனுவுக்கு உருக்கம் சேர்க்க, பிரமாண வாக்குமூலத்தில் ‘இந்த வேலையே எனக்கு வாழ்வாதாரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு என்ன செய்யும் தெரியுமா? ஏதாவது ஒரு ஊரின் மாஸ்டர் பிளான் டெண்டரில் உங்கள் நிறுவனம் கொடுத்த ஆவணத்தை எடுக்கும். அதில் உங்கள் பயோடேட்டா இருக்கும், ‘திட்டம் முடியும்வரை முழுநேரமும் இதில் பணியாற்றுவேன்’ என்ற உறுதிமொழி இருக்கும், கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். உண்மையை மறைத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, நல்ல வாதம் இருந்தும் மனு செலவுத்தொகையோடு தள்ளுபடியாகும். அதோடு முடியாது. முழுநேரம் என்று கையெழுத்திட்டவர் வாரத்தில் பாதி நாள் பல்கலைக்கழகத்தில் இருந்தது டெண்டர் விட்ட அலுவலகத்துக்கும் தெரியவரும். பகுதிநேர வேலையைக் காப்பாற்றப் போய் முழுநேர வேலையை இழந்தவரைப் பார்த்திருக்கிறேன். வருமானவரிக் கணக்கும் பேசும்: பல்கலைக்கழகம் 1961 வருமானவரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் (தொழில்முறைக் கட்டணத்துக்கான வரிப்பிடித்தம்) 10 சதவீதம் பிடித்து, நீங்களும் அதைத் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டியிருந்தால், ‘நான் ஊழியர்’ என்ற வாதத்துக்கு உங்கள் கையெழுத்தே எதிர்சாட்சி.

அதனால் நேராகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். நீங்களே பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மனிஷ் குப்தா தீர்ப்பைக் குறிப்பிட்டு, இந்தப் பாடத்தில் நிரந்தர ஆசிரியர் வரும்வரை உங்களைத் தொடர அனுமதிக்கும்படி கேளுங்கள். மணிநேர ஊதிய பாக்கி இருந்தால் கணக்கோடு எழுதுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய பாக்கியைக் கோர்ட் பெரும்பாலும் தராது. பாடம், மணிநேரம், தேர்வு முறை எல்லாம் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழும் கேளுங்கள். துறைத்தலைவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட வேண்டாம். வழக்கு ஒன்று வரக்கூடும் என்று தெரிந்தால் இந்த மூன்றில் இரண்டையாவது கொடுக்கப் பதிவாளர் அலுவலகம் தயங்காது. அறிவிக்கையே நின்றுபோனால் அவர்களுக்குத்தான் செமஸ்டர் சிக்கல்.

கடிதம் நேர்காணல் தேதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.