வீட்டு இ.வி. சார்ஜரை வைஃபையில் இணைத்தால் ஹேக் செய்ய முடியுமா?

செங்கோட்டையில் வீடு, புனலூரில் வேலை. வாசல் சுவரில் மாட்டிய 7.4 கிலோவாட் மின்சாரக் கார் (இ.வி.) சார்ஜரை வைஃபையில் இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணைக்கலாம். ஆனால் அதை வெறும் பிளக் பாயிண்ட் என்று நினைக்காதீர்கள். சுவரில் தொங்கும் சின்னக் கம்ப்யூட்டர் அது. 2024 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த ஹேக்கிங் போட்டியில் சார்ஜ்பாயிண்ட், ஜூஸ்பாக்ஸ் வீட்டு சார்ஜர்களையே உடைத்துக் காட்டினார்கள். கார் திருடுபோகும் என்பதல்ல கவலை. உள்ளே புகுந்தவன் சார்ஜை நிறுத்தலாம், அதே வைஃபையிலுள்ள கேமரா, லேப்டாப் பக்கம் நகரலாம், நீங்கள் எப்போது வீட்டில் இருப்பதில்லை என்று கணக்குப் போடலாம். பெரிய பயம் வேறு: ஆயிரக்கணக்கான சார்ஜர்களை ஒரே நேரத்தில் போட்டு அணைத்தால் மின்கட்டமைப்பே ஆட்டம் காணும். அதனால்தான் பிரிட்டனில் வீட்டு சார்ஜர்கள் 10 நிமிடம் வரை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு தாமதித்துத் தொடங்கும் வசதியைச் சட்டமே கேட்கிறது.

தென்காசியில் என் வீட்டுக்கு மாட்ட வந்தவர் இன்ஸ்டாலர் பாஸ்வேர்டை 1234 என்றே விட்டுப் போயிருந்தார். மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தேன்! முதலில் அதை மாற்றுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் பின் நம்பர் ஸ்டிக்கர் இருந்தால், போட்டோ எடுத்துக்கொண்டு கிழித்துவிடுங்கள். அப்புறம் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) திறந்து சார்ஜரை அதில் போடுங்கள். ஃபர்ம்வேர் (சார்ஜருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் தானாக வரட்டும். ராத்திரி சொருகிக் காலையில் எடுப்பதுதான் பழக்கம் என்றால் வைஃபையே வேண்டாம். பெரும்பாலான சார்ஜர்கள் அது இல்லாமலும் ஓடும்.