புற்றுநோய் செல்களைப் பட்டினி போட்டுக் கொல்ல முடியுமா?

கேள்வி: கட்டிக்குப் போகும் ரத்தத்தையும் சர்க்கரையையும் நிறுத்திவிட்டால் புற்றுநோய் செல்கள் தானாகச் செத்துவிடாதா?

நிறைய செல்கள் சாகும். சாகாமல் தப்பிக்கிறவைதான் பிரச்சினை. நான் டாக்டர் இல்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டுச் சில வருடம் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், நாம் பட்டினி போடுவதற்கு முன்பே கட்டிக்குள் பட்டினி இருக்கிறது. கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. ஒரு நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரம்தான் கசிந்து போகும். 1955இல் பிரிட்டனில் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுநோய்த் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ரத்தக் குழாய்களை ஒட்டிய செல்கள் உயிரோடும், தள்ளி இருந்தவை செத்தும் கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் அரைகுறை மூச்சோடு ஒரு வரிசை இருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வில்லங்கமே அந்த வரிசைதான். கதிர்வீச்சு சிகிச்சை தரும் சேதம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட 2.5 முதல் 3 மடங்கு டோஸ் தேவைப்படுகிறது.

மூச்சுத் திணறும் செல் சும்மா காத்திருக்காது. நம் எல்லா செல்களிலும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் தயாராகிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் இருந்தால் அதன்மேல் ஒரு அடையாளம் குத்தப்பட்டு, சில நிமிடங்களில் அது உடைத்து அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் சேர்ந்து, உட்கருவுக்குள் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். புது ரத்தக் குழாய்க்கு ஆள் அனுப்பு, சர்க்கரையை வேகமாக இழு, ஆக்சிஜன் இல்லாமல் எரி, முடிந்தால் இடத்தைக் காலி பண்ணு. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்குத்தான் செமென்சா, கேலின், ராட்கிளிஃப் மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. மலையேறுகிறவர்களுக்கு ரத்தச் சிவப்பணு கூடுவதும் இதே ஏற்பாட்டால்தான். புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருப்பதைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1% ஆக்சிஜனில் வைத்த குடுவையில் சிவப்பாக இருக்கும் வளர்ப்புத் திரவம் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். லாக்டிக் அமிலம்! செல் அதை வெளியே தள்ளித் தன் உள்ளே காரத்தன்மையைக் காத்துக்கொள்ளும். கட்டியைச் சுற்றித் தேங்கும் அந்த அமிலத்தில், சண்டைக்கு வரும் நோயெதிர்ப்பு செல்கள்தான் சோர்ந்துபோகின்றன.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால், பி53 என்ற காவல்கார மரபணு ஒழுங்காக இருக்கும் செல் பெரும்பாலும் தற்கொலை செய்துகொள்ளும். அது பழுதான செல் பிழைத்துப் பெருகும். 1996இல் வந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. அதாவது பட்டினியே பொல்லாதவற்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கிறது.

"ரத்தத்தை நிறுத்தினால்?" என்பதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1971இலேயே ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் சொன்ன யோசனை அது. புது ரத்தக் குழாய்க்கான அழைப்பை மறிக்கும் பெவாசிசுமாப் மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில், கீமோவுடன் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளில் பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. சின்ன விஷயமில்லை, ஆனால் குணமும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த அனுமதியை 2011இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை.

எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் வழி நெருக்கடியைத் தாங்கும் ஏற்பாட்டையே முடக்குவது. எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செல்கள் எந்நேரமும் ஆன்டிபாடிப் புரதங்களைத் தயாரித்துத் தள்ளுகின்றன. சரியாக மடியாத புரதங்கள் குவிகின்றன, அவற்றை உடைத்து அகற்றும் புரோட்டியாசோம் ஓய்வில்லாமல் ஓடுகிறது. போர்ட்டிசோமிப் என்ற மருந்து புரோட்டியாசோமை அடைக்கிறது. குப்பை தேங்கியே செல் சாகிறது. 2003 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பிறகு அதற்கும் தாக்குப்பிடிக்கும் செல்கள் வரத்தான் செய்கின்றன. ஆனாலும் அந்த நோயின் போக்கையே மாற்றிய மருந்துகளில் அது ஒன்று.

சரி, சர்க்கரை. "இனிப்பை நிறுத்தினால் கேன்சர் போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் குறையாமல் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். அதற்கு உடல் தசையைக் கரைக்கும். குளுக்கோஸ் போதாதபோது பல புற்றுநோய் செல்கள் குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தை எரிக்கும், அதுவும் பெரும்பாலும் தசையிலிருந்தே வரும். எடை இறங்கிய நோயாளியால் கீமோவைத் தாங்க முடியாமல் போகலாம். வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் சோற்றைக் குறைக்கும் முன் புற்றுநோய் மருத்துவரையும் அங்குள்ள உணவு ஆலோசகரையும் கேளுங்கள். சர்க்கரை நோயும் சேர்ந்து இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.