கச்சான் காற்றும் மூன்று நிறங்களும்

கேள்வி: ஜப்பானிய முறையில் மரப்பலகை செதுக்கி, கோணேசர் மலையை 3 நிறங்களில் அச்சடிக்கிறேன். முதல் 10 தாள் சரி. பிறகு நிறம் கோடுகளை விட்டு விலகுகிறது. ஏன்? இன்றைய காமிக்ஸ் இதிலிருந்துதான் வந்ததா?
– வாசகி, உப்புவெளி

பதில்: பலகையில் பிழையில்லை, தாள் காய்கிறது. ஈரத்தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். கச்சான் அடிக்கும் ஆடியில் கால் மணித்தியாலமே போதும். முதல் நாள் இரவு ஒன்றுவிட்டு ஒரு தாளை நனைத்து அடுக்கி, பொலித்தீனில் சுற்றிப் பாரம் வையுங்கள். காலையில் தாள் குளிர்ந்திருக்க வேண்டும், நீர் மினுங்கக் கூடாது. ஒவ்வொன்றாக மட்டும் வெளியே எடுங்கள். மின்விசிறி வேண்டாம்.

அடுத்து ‘கென்தோ’, அதாவது ஒவ்வொரு பலகையிலும் தாளை ஒரே இடத்தில் பொருத்த வெட்டும் குறிகள். வலது கீழ்மூலையில் ‘ட’ வடிவ வெட்டு, அதே விளிம்பில் இடப்பக்கம் ஒரு நேர்வெட்டு. இவற்றை அளந்து வெட்டாதீர்கள். கோட்டுப்பலகையின் பிரதியை, குறிகளோடு சேர்த்து, நிறப்பலகைகளில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குங்கள். நிறம் எள்ளுத் தூவியதுபோல் விழுந்தால் அரிசிப்பசை போதவில்லை. இரண்டு துளி கூட்டுங்கள்.

காமிக்ஸா? பாதி உண்மை. ஜப்பானிய மரஅச்சு ஓவியர் ஹொக்குசாய் 1814இலேயே ‘மங்கா’ என்ற பெயரில் வரைபடத் தொகுதி வெளியிட்டார்; இன்றைய மங்காவில், அதாவது ஜப்பானிய காமிக்ஸில், மேற்கத்தைய காமிக்ஸின் பங்கும் பெரிது. நேரடி வாரிசு போஸ்டர்தான். பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் பாரிஸ் கேளிக்கை அரங்கு ஒன்றுக்கு வரைந்த 1891 ‘மூலான் ரூஜ்’ போஸ்டரைப் பாருங்கள்: நிழலற்ற தட்டை நிறம், தடித்த கோடு, ஓரத்தில் வெட்டுப்பட்ட உருவம்.