குடல் அழற்சியும் சைட்டோகைன்களும்: கேட்டவையும் பதில்களும்

கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்கள் இரண்டிலும் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதிப் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். கீழே வரும் ஐ.எல் (இன்டர்லூகின்), டி.என்.எஃப், இன்டர்ஃபெரான் காமா எல்லாம் சைட்டோகைன்களே. அவற்றைப் பற்றி வந்த கேள்விகள் இவை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் குடல் மருத்துவரிடம். டி.என்.எஃப்பைத் தடுக்கும் மருந்து மறைந்திருக்கும் டி.பி.யைக் கிளப்பிவிடும் என்பதால் அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

எம்.எஸ்சி. மாணவி: ஐ.எல்-17ஐத் தடுத்தால் சொரியாசிஸ் அடங்குகிறது. கிரோனில் ஏன் மோசமாகிறது சார்? அந்த ஐ.எல்-17ஐத் தூண்டுவதே ஐ.எல்-23 தானே, அதைத் தடுத்தால் மட்டும் எப்படிப் பலன்?

நல்ல கேள்வி. ஐ.எல்-17ஐத் தடுக்கும் செக்யுகினுமாப் மருந்தைக் கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனை முடிவு 2012இல் வந்தது. பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, நோய் கூடியது, பூஞ்சைத் தொற்றும் வந்தது. காரணம் ஐ.எல்-17க்குக் குடலில் இருக்கும் இன்னொரு வேலை. குடல் சுவர் செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகளை அது பராமரிக்கிறது, நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களைச் சுரக்க வைக்கிறது, காண்டிடா என்ற பூஞ்சை தலைதூக்கினால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது. அதை அடைத்தால் சுவர் கசியும்.

இரண்டாவது பாதிக்கு வருவோம். எலிகளில் பார்த்தது: காமா-டெல்டா டி செல்கள் என்ற ஒருவகை எதிர்ப்பு செல்கள் ஐ.எல்-23 இல்லாமலேயே ஐ.எல்-17ஐச் சுரக்கின்றன. ஆகவே ஐ.எல்-23ஐ அடைத்தாலும் சுவரைக் காக்கும் அந்தப் பங்கு பெருமளவு தப்பிவிடுகிறது. அடங்குவது, ஐ.எல்-23ஆல் முறுக்கேறி இன்டர்ஃபெரான் காமாவையும் சேர்த்துக் கொட்டும் டி.எச்-17 என்ற வேறுவகை டி செல்கள். ஒரே மூலக்கூறுதான், ஆனால் எந்த செல் சுரக்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது.

வேறொருவர்: ஐ.எல்-23ஐத் தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்து ஐ.எல்-12ஐயும் சேர்த்துத் தடுக்கிறதே. பலன் அதனால் என்று ஏன் சொல்லக்கூடாது?

அது பிடிப்பது பி-40 துண்டை. ஐ.எல்-12, ஐ.எல்-23 இரண்டுக்கும் அது பொது. ரிசான்கிசுமாப் என்ற இன்னொரு மருந்து பிடிப்பதோ ஐ.எல்-23இல் மட்டும் இருக்கும் பி-19ஐ. டி.என்.எஃப் தடுப்பு மருந்து கைவிட்ட கிரோன் நோயாளிகளிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை 2024இல் வெளியானது. 48ஆம் வாரத்தில் உள்நோக்கியில் ரிசான்கிசுமாப் பக்கம்தான் புண் அதிகம் ஆறியிருந்தது. ஐ.எல்-12ஐ விட்டுவிட்டும் ஜெயிக்கிறது என்றால் அது பிரதானமாக இருக்க முடியாது.

அதே நபர்: அப்படியானால் எட்டனர்செப்ட் மருந்து? அதுவும் டி.என்.எஃப்பைத்தான் பிடிக்கிறது, மூட்டுவாதத்தில் வேலை செய்கிறது, கிரோனில் இல்லை. உங்கள் கணக்கு இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்கிறது. வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: கிரோனில் பலன் தரும் டி.என்.எஃப் தடுப்பு மருந்தான இன்ஃபிளிக்சிமாப், செல்லின் மேல் ஒட்டியிருக்கும் டி.என்.எஃப்பையும் உறுதியாகப் பற்றி, குடலில் உள்ள டி செல்லைச் சாக வைக்கிறது. எட்டனர்செப்ட் அதில் சொதப்புகிறது.

மாணவி: ஆனால் செர்டோலிசுமாப் என்ற டி.என்.எஃப் தடுப்பு மருந்துக்கு எஃப்.சி என்ற ஆன்டிபாடி வாலே கிடையாது, ஆய்வகத்தில் டி செல்லைச் சாகடிப்பதும் இல்லை. அது கிரோனில் வேலை செய்கிறதே சார்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதனால்தான் ‘வழக்கமாகச் சொல்லும்’ என்றேன். எட்டனர்செப்ட் சோதனையில் கொடுத்தது மூட்டுவாத அளவு, 25 மி.கி. வாரம் இருமுறை. குடலுக்கு அது போதவில்லை என்ற வாதத்தையும் தள்ள முடியாது. இதை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஒரு நோயாளி: மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் 380. கிரோன் உறுதியா?

இல்லை. நியூட்ரோஃபில் குடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும் எண் அது. 50க்குள் இருந்தால் நிம்மதி, 250ஐத் தாண்டினால் அழற்சிக்கு வாய்ப்பு அதிகம், நடுவில் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். சீதபேதியிலும் ஏறும், குடல் டி.பி.யிலும் ஏறும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையிலும் ஏறும். மறுபரிசோதனை என்றால் அதே லேபில், அதே கிட்டில் பாருங்கள். லேப் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது.

வேறொரு நோயாளி: மஞ்சள் சாப்பிட்டால் டி.என்.எஃப் குறையுமா?

கொலைட்டிஸ் சோதனை ஒன்றில் மெசலமைன் என்ற குடல் அழற்சி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது நாளுக்கு 3 கிராம் குர்குமின், அதாவது மஞ்சளில் உள்ள வேதிப்பொருள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அப்படியானால் தினம் 100 கிராம் தூள். சாம்பாரில் போடுவது அரை ஸ்பூன்.

இன்னொருவர்: மஞ்சள் பால்?

மேலே பாருங்கள்.

செவிலியர்: இன்ஃபிளிக்சிமாப் வயலை, அதாவது மருந்துக் குப்பியைக் கலக்கும்போது நுரை கட்டுகிறது சார்.

குலுக்குகிறீர்கள். 100 மி.கி. வயலுக்கு 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். பீய்ச்சுவது கண்ணாடிச் சுவர் மேல் விழட்டும், தூளின் மேல் அல்ல. மெதுவாகச் சுழற்றி, 5 நிமிடம் அப்படியே விடுங்கள், நுரை அடங்கும். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 300 மி.கி., 3 வயல், 30 மி.லி. 250 மி.லி. நார்மல் சலைனில் முதலில் 30 மி.லி. எடுத்துவிட்டு மருந்தைச் சேருங்கள். குளுக்கோஸ் பாட்டில் கூடாது. 1.2 மைக்ரானோ அதற்குக் குறைவோ உள்ள ஃபில்டர், குறைந்தது 2 மணி நேரம். கலந்த 3 மணி நேரத்துக்குள் ட்ரிப் தொடங்க வேண்டும். தொடங்குமுன் ஃபைலில் டி.பி. ரிப்போர்ட் இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை புரட்டுங்கள்.

ஒருவர்: டி.பி.க்கான மாண்டூ தோல் பரிசோதனை நெகட்டிவ். இனி பயமில்லைதானே?

ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது பார்த்ததா? அப்படியானால் அந்த நெகட்டிவை நம்பாதீர்கள். ஸ்டீராய்டு தோலின் எதிர்வினையையே அமுக்கிவிடும். டி.பி. கிருமியைச் சுற்றி எதிர்ப்பு செல்கள் கட்டும் சிறைதான் கிரானுலோமா, அதன் சுவரைத் தாங்குவது டி.என்.எஃப். தடுத்தால் சிறை உடையும். இன்ஃபிளிக்சிமாப் எடுத்து டி.பி. வந்தவர்கள் என்று 2001இல் அமெரிக்காவில் தொகுத்த 70 நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மூன்று டோஸுக்குள்ளேயே டி.பி. வெளிப்பட்டது. பாதிப் பேருக்கு மேல் நுரையீரலுக்கு வெளியே. மார்பு எக்ஸ்ரே, இக்ரா ரத்தப் பரிசோதனை, முன்பு வீட்டில் யாருக்காவது இருந்ததா என்ற விசாரணை, மூன்றும் வேண்டும்.

இன்னொன்று. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் டி.பி.யும் கிரோனும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பயாப்ஸி எடுக்கும்போது எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டால் கல்ச்சர் செய்ய முடியாது, கிருமி செத்துவிடும். சில துண்டுகளைத் தனியாக நார்மல் சலைனில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மாணவி: ஐ.எல்-10 அழற்சியை அடக்கும் என்றால் ஊசியாகப் போட்டிருக்கலாமே?

போட்டார்கள், எடுபடவில்லை. ஐ.எல்-10 இல்லாத எலிக்குப் பெருங்குடல் அழற்சி வருவது 1993இலேயே தெரியும், அதனால் நம்பிக்கை பெரிதாக இருந்தது. ஊசி மருந்து குடல் சுவர் வரை போதுமான அளவு சேரவில்லை. அளவைக் கூட்டினால் இன்டர்ஃபெரான் காமா ஏறியது. ஆனால் பிறந்த சில மாதங்களிலேயே கடும் கொலைட்டிஸ் வரும் குழந்தைக்கு ஐ.எல்-10 ஏற்பியின் மரபணுவைப் பார்க்க வேண்டும். பிறழ்வு இருந்தால் வழி எலும்பு மஜ்ஜை மாற்று.

ஒருவர்: எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

கிரோனில் எதிர்ப்பு அடங்கவில்லை என்பதுதான் தொந்தரவு. கூட்டாதீர்கள்.

இன்னொருவர்: ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டோம், இக்ரா இப்போது எடுக்கலாமா?

எடுங்கள், ஆனால் நெகட்டிவ் வந்தாலும் ‘தெளிவில்லை’ என்று வந்தாலும் எக்ஸ்ரேயோடு மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்தவர் மஞ்சள் கேட்பதாக இருந்தால், மேலே பதில் இருக்கிறது.