39 வயசில் பெங்களூருவில் பயிற்சிக்குப் போகலாமா?

சிவகாசியில் 14 வருஷம் ஆஃப்செட் மிஷின் ஓட்டினேன், பிரஸ்ஸை மூடிவிட்டார்கள், மனைவிக்கு வேலை கிடைத்ததால் பெங்களூரு வந்து 8 மாசமாகச் சும்மா இருக்கிறேன், 39 வயசில் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து பயிற்சி எடுத்தால் எவன் வேலை தருவான், கன்னடமும் தெரியாதே என்று கேட்டிருக்கிறீர்கள். தருவான் தம்பி. ஆனால் எங்கே போய்ச் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் (நூல் நூற்கிற மிஷின்) பார்த்தவன். மில் நின்றதும் 36 வயசில் மச்சான் வீட்டை நம்பி பெங்களூரு தாசரஹள்ளிக்கு வந்தேன். வேலையில்லாத ஆம்பிளைக்குச் சொந்தக்காரர் வீட்டில் மூன்றாவது தோசை கேட்கவே கூசும். முதலில் சேர்ந்தது ஒரு தனியார் இன்ஸ்டிடியூட், வாசலிலேயே ‘வேலை உறுதி’ என்று போர்டு. 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று மாசம் போர்டில் ஜி கோடு, அதாவது கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மிஷினுக்கான கட்டளைகளை, எழுதிப்போட்டார்கள், மிஷின் மட்டும் எப்போதும் ரிப்பேர். வீட்டுக்காரி தோட்டை அடகு வைத்த பணம், இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்துப் போனது மூன்று பழைய சிஎன்சி லேத் (கடைசல் மிஷின்) வைத்திருந்த சின்ன சென்டர். முதல் வாரம் மிஷினைத் தொடவே விடவில்லை, நுணுக்கமாக அளக்கிற மைக்ரோமீட்டர் மட்டும்தான். அதில் திருகுகிற திம்பிளில் 50 கோடு, ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், அப்போ ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர். வாத்தியார் எங்கள் தலைமுடியையே பிடுங்கி அளக்கச் சொன்னார். பக்கத்தில் 19 வயசுப் பையன், டிப்ளமோ வேறு, இறுக்கி இறுக்கி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு சொன்னான். எனக்கு மூன்று தடவையும் 0.07. அறுந்த நூலை விரலாலேயே தேடிப் பிடித்த கை, அவ்வளவுதான். “அண்ணா, எப்படிப் பிடிக்கிறீங்க?” என்று கேட்டான் பாருங்கள், மில் மூடினதுக்கப்புறம் என்னிடம் யாரும் எதையும் எப்படி என்று கேட்டதே இல்லை. அன்று ராத்திரி மூன்றாவது தோசையை நானே கேட்டு வாங்கினேன்.

அப்புறம் பீன்யா தொழிற்பேட்டையில் ஹெல்பர், சொற்பச் சம்பளம், ஒன்றரை வருஷம் பீஸை மாட்டுவதும் கழற்றுவதும்தான். வெட்டுகிற டூல் தேய்ந்து பீஸின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் கூடினால் ஆஃப்செட்டில் (உங்க ஆஃப்செட் இல்லை, இது மிஷினில் டூலின் அளவைத் திருத்துகிற எண்) அதைக் கழித்துவிட வேண்டும். ஒரு நைட் ஷிப்டில், மிஷினை அளவுக்குத் தயார் செய்கிற செட்டர் வராதபோது அதை நானே செய்தேன், அதிலிருந்துதான் செட்டர் வேலைக்குப் பழக்கினார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாலு கலரில் ஒன்று நூலிழை விலகினாலும் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது, அதைத் தூக்கிப்போட்டுவிட்டு கம்ப்யூட்டர் கோர்ஸில் போய் உட்காராதீர்கள். 2015ல் வந்த மத்திய அரசின் கௌஷல் விகாஸ் (திறன் மேம்பாட்டு) திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்து சர்டிபிகேட் தருகிற பிரிவு ஒன்று இருக்கிறது, 59 வயசு வரை போகலாம், கட்டணம் கிடையாது. புதுசாகவே கற்க வேண்டுமென்றால் ராஜாஜிநகரில் 1972ல் டென்மார்க் உதவியோடு தொடங்கிய ஜிடிடிசி இருக்கிறது, டூல் செய்யவும் மிஷின் ஓட்டவும் பயிற்சி தருகிற அரசு நிறுவனம், மிஷின் கண்ணால் பார்க்கலாம். எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன்னால், மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், போன பேட்ச் ஆட்கள் இரண்டு பேரின் நம்பர் கேளுங்கள். மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சின்னப் பசங்க பற்றிக் கவலையே வேண்டாம், இரண்டாம் நாளே டீக்குக் கூப்பிடுவார்கள். கன்னடத்துக்கு ஆரம்பத்தில் ஒரே வாக்கியம் போதும், “இன்னொந்து சல ஹேளி”, இன்னொரு தடவை சொல்லுங்க என்று அர்த்தம். நான் முதல் மாசம் முழுக்க இதை வைத்தே ஓட்டினேன், வாத்தியார் எனக்கு அதையே பேராகவும் வைத்துவிட்டார்.