ஸ்டிக்கர் இல்லாத அட்டை

கேள்வி: 40 நாள் லேப்ரடார் குட்டி வாங்கினேன். ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்றார் விற்றவர். ஐந்தாம் நாள் ரத்தபேதி. பார்வோ என்றார் டாக்டர், பிழைக்கவில்லை. விற்றவர் தந்த ஊசி அட்டையில் தேதியும் ஒரு கிறுக்கலும்தான். (கொழிஞ்சாம்பாறை)

பதில்: குட்டியும் போய், பணமும் போய்... உங்கள் மேல் தப்பில்லை, அந்த ஆளை விடாதீர்கள். 40 நாளில் ‘எல்லா ஊசியும்’ முடியவே முடியாது. பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான ஊசி ஆறேழு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது என்கின்றன 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள். பணம் அனுப்பிய ஆதாரம், வாட்ஸ்அப் பேச்சு, டாக்டர் சீட்டு, அந்த அட்டை எதையும் தொலைக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன். மசியாவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். அடுத்த குட்டிக்கு அவசரம் வேண்டாம். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும்.

கேள்வி: பொள்ளாச்சி மருந்துக்கடையில் ஊசி மருந்து விலை குறைவு. நானே வாங்கி வந்து தெரிந்தவரிடம் போட்டுக்கொள்ளலாமா? (கோபாலபுரம்)

பதில்: இதைப் பற்றி எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். மீன் வாங்கினால் ஐஸ் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறோம். ஊசி மருந்தை மட்டும் சட்டைப்பையில் போட்டு, சித்திரை வெயிலில் பைக்கில் கொண்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசருக்குள் திணிப்பவர்களும் உண்டு. வெறிநோய் மருந்து உறைந்தாலும் கெட்டதுதான். கெட்ட மருந்து பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியே இருக்கும், நாயும் ஒன்றும் சொல்லாது. டாக்டரிடமே போங்கள், ஆனால் வாயைத் திறந்து கேளுங்கள்: ‘குப்பியைக் காட்டுங்க சார்.’ பார்வோ கூட்டு ஊசியில் ஒரு குப்பியில் வெள்ளைப் பொடி, இன்னொன்றில் திரவம் இருக்கும். உங்கள் கண்முன் கலக்க வேண்டும். குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியுமாக அட்டையில் ஒட்டப்பட வேண்டும். கையெழுத்து அதன் பக்கத்தில். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரை மாற்றுங்கள்.

கேள்வி: அரசு மிருகாசுபத்திரி வெறிநோய் ஊசி போதுமா? (சித்தூர்)

பதில்: போதும். வருடா வருடம் போடுங்கள்.

கேள்வி: எங்கள் நாய் வாசல் தாண்டாது. ஊசி அவசியமா? (வாளையார்)

பதில்: கீரியும் தெருப்பூனையும் உங்களிடம் அனுமதி வாங்கியா மதில் ஏறுகின்றன? வெறிநோய் வெளியே தெரிந்தபின் வைத்தியமே இல்லை. பஞ்சாயத்து லைசென்ஸுக்கும் ஊசிச் சான்று வேண்டும்.

கேள்வி: பெரிய நாய்க்கான உண்ணி மாத்திரையை நாலாக வெட்டி, நாலு நாய்க்குக் கொடுத்தேன். மிச்சம்தானே? (வேலந்தாவளம்)

பதில்: எந்தத் துண்டில் எவ்வளவு மருந்து போனது என்று உங்களுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. நாயை எடை போட்டு, அந்த எடைக்கான மாத்திரையை வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக வரும் உண்ணிப் பட்டை வாங்கலாமா? (மீனாட்சிபுரம்)

பதில்: நானும் ஒன்று வாங்கினேன். வாசனை ஊதுபத்தி மாதிரி. மூன்றாம் வாரம் கழற்றிப் பார்த்தால் பட்டைக்கு அடியிலேயே உண்ணி குடும்பம் நடத்துகிறது. டாக்டர் எழுதித் தரும் மாத்திரைக்குப் போங்கள்; மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என இரண்டு விதமும் உண்டு. வலிப்பு வரும் நாய் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், மாத்திரை கொடுத்த பிறகும் உண்ணி ஏறத்தான் செய்யும், கடித்தபின்தான் சாகும். உடம்பில் ஒன்றைப் பார்த்ததும் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம்.