எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாமா?

கேள்வி: ஜூலையில் நானும் கணவரும் நார்வேக்கும் அங்கிருந்து ஸ்காட்லாந்துக்கும் போகிறோம். வாடகைக் கார், ஒரு சின்னக் கூடாரம். "அங்கெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போட்டுத் தூங்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்கிறான் மகன். நடுராத்திரியில் யாராவது வந்து எழுப்பினால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி

பதில்: மகன் சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் வம்பு இருக்கிறது.

நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டமே இந்த உரிமையைத் தருகிறது. வயல், வீட்டு வளாகம் போன்றவை நீங்கலாக, காட்டிலும் மலையிலும் யாரையும் கேட்காமல் தங்கலாம். ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். உயர்மலையில் அந்தக் கணக்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டையொட்டியும் தீ மூட்டக் கூடாது. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். லோஃபோட்டன் தீவுகள் போலக் கூட்டம் மொய்க்கும் இடங்களில் தடைப் பலகைகள் உண்டு. சட்டத்தைவிட அந்தப் பலகையை முதலில் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது காரில்தான். இது நடந்து போகிறவருக்கான உரிமை, வண்டிக்கு அல்ல. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. புல்வெளியில் காரை இறக்கி, பக்கத்திலேயே கூடாரம் அடிப்பது இரண்டு நாட்டிலும் தப்பு. முறையான பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடங்கள். பண்ணைக் கேட்டுக்கு முன்னால் மட்டும் நிறுத்தாதீர்கள். விடியற்காலையில் டிராக்டர் வரும். வழியில் திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். ஆடுகள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது பண்ணைக்காரர் கணக்கு.

ஸ்காட்லாந்தில் சின்னக் கூடாரம், கொஞ்சம் ஆட்கள், இரண்டு மூன்று இரவு என்பது வழக்கம். லாக் லோமண்ட் ஏரிக்கரையில் சில பகுதிகளுக்கு மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை பெர்மிட் வேண்டும்.

நீங்கள் கேட்கக் கூச்சப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்: கழிப்பறை. ஒரு சின்ன மண்வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடுங்கள். டிஷ்யூ பேப்பரைப் புதைக்காமல் ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். முகம் சுளிக்காதீர்கள், அடுத்து வருகிறவர் புதருக்குப் பின்னால் எதைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று யோசியுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் ஓடையில் கொட்ட வேண்டாம்.

எழுப்புகிறவரைப் பற்றிய பயம்: கூடாரத்தைச் சாயங்காலம் தாமதமாக அடித்து, காலையில் சீக்கிரம் பிரித்துவிட்டால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். வந்தால் சட்டம் பேசாதீர்கள். மன்னிப்புக் கேட்டு, "எங்கே போடலாம்?" என்று கேளுங்கள், அநேகமாக அவரே நல்ல இடம் காட்டுவார். எதற்கும் முதல் இரவைக் காசு கொடுத்து ஒரு முகாம் மைதானத்தில் கழித்து, கூடாரத்தை ஒருமுறை அடித்துப் பழகுங்கள்.

ஸ்காட்லாந்திலிருந்து காரில் அப்படியே இங்கிலாந்துக்குள் இறங்கும் யோசனை இருந்தால், எல்லை தாண்டியதும் இந்தச் சலுகை கிடையாது. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுப் பகுதியில் உள்ள பொதுநிலங்கள் தவிர மற்ற இடங்களில் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். அங்கே ரூம் போட்டுவிடுங்கள்.